பணியிடத்தில் பழகும் திறன்

மாட்டுங்கா ரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலில் இறங்கி நடப்பவர்க்குத் தாம் நிற்பது மராட்டிய மண் என்பது சில நிமிடங்கள் மறந்துபோவதுண்டு. மல்லிகையும் கதம்பமும் தொடுத்து விற்கும் பூக்கடைகளும், வாழையிலைக் கட்டுகளும், காப்பிக் கொட்டை வறுபடும் மணமும், வீதியில் எதிர்ப்படும் தமிழ்ப் பேச்சும் கும்பகோணத்தின் கடைத்தெரு ஒன்றையே நினைவூட்டும். இந்தப் பேட்டை இவ்வாறு அமைந்தது எப்படி என்று ஆராய்ந்தால், நம்முடைய இன்றைய பொருளுக்கு அதுவே தக்க தொடக்கமாகும்.

1896ஆம் ஆண்டில் பம்பாயைப் பெரும் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கடி மிகுந்த பழைய நகரத்தைச் சீர்திருத்துவதற்காக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்று அமைக்கப்பட்டது. அந்த டிரஸ்டின் திட்டப்படி வடக்கே எழுந்த புதிய குடியிருப்புகளுள் தாதரும் மாட்டுங்காவும் அடங்கும். 1920களிலும் 1930களிலும் மாட்டுங்காவின் புதுக் கட்டடங்களில் வந்து குடியேறியவர்களுள் பெரும் பகுதியினர் சென்னை மாகாணத்திலிருந்து வேலை தேடி வந்த தென்னிந்தியர். அவர்தம் பிள்ளைகளின் படிப்புக்கென 1932இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொஸைட்டி தோன்றியது. பெட்டியும் படுக்கையுமாய் தாதர் நிலையத்தில் வந்து இறங்கிய அவ்விளைஞர்கள் கொண்டுவந்த மூலதனம் மூன்றே: பிழையற்ற ஆங்கிலம், சுருக்கெழுத்து, தட்டெழுத்து. அந்த மூன்றையும் நம்பித்தான் அலுவலகங்கள் அவர்களுக்குக் கதவு திறந்தன. ஒரு தலைமுறையே விரல்களின் வேகத்தால் பிழைத்தது என்றால் மிகையாகாது.

அந்த வேகத்துக்கு இன்று விலை இல்லை. மும்பையின் விக்ரோலியில் கோத்ரேஜ் நிறுவனம் 1955இல் முதல் இந்தியத் தட்டச்சுப் பொறியை உருவாக்கிற்று. 2009இல் அந்நிறுவனம் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டது. சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொள்ள வேண்டிய உரையை இப்போது கைப்பேசியே கேட்டு எழுதிவிடுகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட நாமும் இதற்கு விலக்கல்லோம். நாம் ஒரு பகல் முழுதும் உழைத்து முடிக்கும் பக்கங்களை எந்திரம் ஒரு நொடியில் முன்வைத்துவிடுகிறது. அந்தப் பக்கங்களில் பிழை இருக்கலாம்; ஆனால் நமக்கு இனி அளிக்கப்படும் வேலை, அப்பிழையைக் கண்டுபிடிப்பதே ஆகும். கைத்தொழிலின் பங்கு குறையக் குறைய, மனிதரோடு மனிதர் கூடிச் செய்ய வேண்டிய பங்கே எஞ்சி நிற்கிறது. அந்தப் பங்கைச் செவ்வனே ஆற்றும் பண்புகளைத்தான் இக்காலத்தார் மென்திறன்கள் என்று அழைக்கின்றனர்.

இச்சொல்லின் பிறப்பிடம் சற்றே வியப்பூட்டுவது. போர்ப்படை என்றால் நமக்கு வன்மைதான் நினைவுக்கு வரும். ஆனால் மென்திறன் என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தது அமெரிக்கத் தரைப்படை. பீரங்கியையும் வண்டியையும் கையாளும் பயிற்சியை அப்படையினர் முறையாக வகுத்துவிட்டனர். ஆயினும் வீரர்களை நடத்துதல், ஆணையைத் தெளிவாகச் சொல்லுதல், பிறர் கூறுவதைப் புரிந்துகொள்ளுதல் முதலியவற்றை எவ்வாறு பயிற்றுவது என்பது விளங்கவில்லை. இதற்கென்றே 1972 டிசம்பரில் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு மாநாடு கூட்டினர். எந்திரத்தோடு தொடர்பில்லாத திறன் என்பதே மென்திறன் என்பதற்கு அவர்கள் கொண்ட முதற்பொருள்.

பெயர் புதிது, பொருள் நமக்குப் புதிதன்று. இனியவை கூறல், சொல்வன்மை, அவை அறிதல், அவை அஞ்சாமை என்று தனித்தனி அதிகாரங்கள் வகுத்தவர் நம் திருவள்ளுவர். அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னோர் அதிகாரம் 'கேள்வி' என்பது. குறளில் கேள்வி என்றால் செவியால் கேட்டுப் பெறும் அறிவு. இன்று நாம் கேள்வி என்றால் வினா என்று பொருள் கொள்கிறோம். பிறர் சொல்வதைச் செவிமடுத்தலும், தெரியாததை வினவுதலும் ஆகிய இரு செயல்களுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருப்பது எண்ணத்தக்கது. பணியிடத்தில் தேவைப்படும் பழகும் திறனை ஒரே சொல்லில் அடக்கச் சொன்னால், நாம் இந்தச் சொல்லையே தேர்ந்தெடுப்போம். கேட்கத் தெரிந்தவர்க்கு மற்றவை தாமே வந்து சேரும்.

இதை நாம் நூல்களிலிருந்து கற்கவில்லை. நம் சொந்தப் பிழை ஒன்றே நமக்குக் கற்பித்தது.

மும்பைக்கு மாற்றலாகி வந்த புதிதில், குழந்தைத் தொழிலாளர் பற்றிய ஒரு மராத்தித் துண்டறிக்கையைத் தமிழாக்கும் பணி நம்மிடம் வந்தது. தாராவியில் வாழும் தமிழருக்கு வழங்குவதற்கான அறிக்கை அது. இந்தியை நன்கு கற்றிருந்தமையால் மராத்தியை ஒருவாறு படித்துப் பொருள் கொண்டுவிடலாம் என்ற துணிவு நமக்கிருந்தது. பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு அமர்த்துதல் பற்றிய வாக்கியம் ஒன்றின் முடிவில் 'சிக்ஷேஸ் பாத்ர' என்ற தொடர் இருந்தது. சிக்ஷா என்றால் இந்தியில் கல்வி. எனவே, அத்தகைய குழந்தை கல்வி பெறத் தகுதியுடையது என்று தயக்கமின்றி எழுதினோம். வாக்கியமும் அழகாகவே அமைந்தது. ஆனால் மராத்தியில் சிக்ஷா என்றால் தண்டனை! குழந்தையை வேலைக்கு அமர்த்துகிறவர் தண்டனைக்கு உரியவர் என்பதே மூலத்தின் கருத்து. நம் தமிழில் அந்தத் தண்டனை இருந்த இடமே தெரியாமல் மறைந்துவிட்டது.

பிழையைக் கண்டவர் மேலதிகாரி அல்லர். அச்சுப்படிகளைச் சுமந்து செல்லும் கடைநிலை ஊழியர். தாராவியில் பிறந்து, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, மராத்தியைத் தெருவிலேயே கற்றுக்கொண்டவர் அவர். மாலையில் அலுவலகம் கலையும் வேளையில் நம் மேசையருகே வந்து நின்று, "சார், மராத்தியிலே தண்டனைன்னு இருக்குதுங்க, நம்ம தமிழிலே படிப்புன்னு இருக்குது. நான்தான் தப்பாப் படிச்சிட்டேனோ?" என்றார். எப்போது பார்த்தீர் என்று வினவினோம். காலையிலேயே பார்த்துவிட்டதாகவும், பெரியவர் எழுதியதைக் குறை சொல்லலாமா என்று பகல் முழுவதும் தயங்கியதாகவும் கூறினார். மறுநாள் காலை அந்தத் தாள் அச்சேற இருந்தது.

அன்றிரவு இரண்டு எண்ணங்கள் நம்மை உறங்கவிடவில்லை. நம் அடுத்த நாற்காலியிலேயே மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட இளநிலை எழுத்தர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் ஐயம் தீர்ந்திருக்கும். வயதில் இளையவரிடம் கேட்பதா என்ற வீண் பெருமை நம் வாயைக் கட்டிவிட்டது. இஃது ஒன்று. மற்றொன்று, உண்மையை அறிந்த ஒருவர் நம்மிடம் அதைச் சொல்ல ஒரு பகல் முழுதும் அஞ்சும்படி நாம் நடந்துகொண்டிருக்கிறோம் என்பது. கேட்காதது நம் முதற்குற்றம். கேட்கத்தக்கவராக இராதது அதனினும் பெரிய குற்றம்.

தெரியாததைக் கேட்பது தாழ்வு என்றும், பெரியோர் பேசும்போது குறுக்கிடுவது பண்பன்று என்றும் நம் இல்லங்களில் சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டனர். வீட்டுக்கு அது நன்றே. ஆனால் பணியிடத்தில் அந்த அடக்கமே சில வேளைகளில் ஆபத்தாகிவிடும். உலகம் அறிந்த ஒரு சான்று உண்டு. 1977 மார்ச் 27ஆம் நாள், கனாரித் தீவுகளைச் சேர்ந்த டெனரீஃப் விமான நிலையத்தில் மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒரே ஓடுபாதையில் அமெரிக்க விமானம் ஒன்று இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தபோது, டச்சு விமானத்தின் தலைவர் உத்தரவு கிடைக்குமுன்பே பறக்க முற்பட்டார். அவர் அந்நிறுவனத்தின் விமானிகளுக்கே பயிற்சி அளிக்கும் மூத்தவர். உடனிருந்த பொறியாளருக்கு ஐயம் எழுந்தது. அந்த விமானம் பாதையை விட்டு விலகவில்லையோ என்று வினவவும் செய்தார். தலைவர் உறுதியாக மறுத்துவிட்டார். பொறியாளர் மறுமுறை வற்புறுத்தவில்லை. சில நொடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் மாண்டனர்.

அவ்விபத்தை ஆராய்ந்தவர்கள் விமானத்தின் உறுப்புகளை மட்டும் பார்க்கவில்லை. விமானிகள் ஒருவரோடொருவர் பேசிய முறையையும் பார்த்தனர். இளையவர் ஐயத்தை எவ்வாறு தெளிவாகவும் பணிவாகவும் சொல்வது, மூத்தவர் அதை எவ்வாறு சினமின்றி ஏற்பது என்பதற்கே பின்னர்ப் பயிற்சி முறை வகுக்கப்பட்டது. 1981 முதல் விமான நிறுவனங்கள் அதை ஒரு பாடமாகவே நடத்தத் தொடங்கின. பணிவும் துணிவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பது அப்பாடத்தின் சாரம். "ஐயா, எனக்கு ஓர் ஐயம். இதைப் பார்த்துவிட்டு மேலே செல்லலாமா?" என்று கேட்பதால் எவருடைய மரியாதையும் குறைந்துவிடாது.

மாட்டுங்காவிலிருந்து கிழக்கே செம்பூருக்குச் சென்றால் இதன் மற்றொரு பக்கத்தைக் காணலாம். நாடு விடுதலை பெற்றபின் டிராம்பேயில் பெருந்தொழில்கள் எழுந்தன. 1954இலும் 1955இலும் இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அங்கே இயங்கத் தொடங்கின. அணுசக்தி ஆராய்ச்சி நிலையமும் அக்காலத்திலேயே தோன்றியது. தட்டெழுத்தாளர்களின் பிள்ளைகள் பொறியாளர்களாகவும் விஞ்ஞானிகளாகவும் செம்பூரில் குடியேறினர். இத்தகைய ஆலைகளில் வேலை இரவு பகலாக நடைபெறும். ஒரு ஷிப்டு முடிந்து மறு ஷிப்டு தொடங்கும் அந்தப் பத்து நிமிடங்களில் ஒருவர் மற்றவர்க்குச் சொல்லிச் செல்லும் செய்தியில்தான் பலருடைய உயிர் அடங்கியிருக்கிறது.

1988 ஜூலை 6ஆம் நாள் பிரிட்டனின் வட கடலில், பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடையில் நடந்தது இதற்குச் சான்று. பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்ப்பதற்காகக் கழற்றியிருந்தனர். அந்தச் செய்தி காகிதத்தில் எழுதப்பட்டது; ஆனால் இரவு ஷிப்டினரிடம் வாய்மொழியாக ஒருவரும் சொல்லவில்லை. இரவில் மற்றொரு பம்பு நின்றுபோகவே, முன்னதை இயக்கினர். கசிந்த வாயு தீப்பற்றி 167 பேர் உயிரிழந்தனர். எழுதி வைத்துவிட்டேன், என் கடமை முடிந்தது என்று எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை இது காட்டும். சொல்லப்பட்டதும் கேட்கப்பட்டதும் ஒன்றாகும்போதே செய்தி நிறைவுறுகிறது. நம் அலுவலகங்களில் இவ்வளவு பெரிய ஆபத்து நேராதிருக்கலாம்; ஆனால் ஒரு முதியவரின் ஓய்வூதியத் தாள் ஆறு திங்கள் ஒரு மேசையில் கிடப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இனி, செவிமடுத்தல் என்னும் முதற்பொருளுக்கு வருவோம். அதற்குத் தாராவியைக் காட்டிலும் தக்க சான்று நமக்குக் கிடைப்பதரிது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்த பல மாவட்டத்தாரும் வாழும் இடம் அது. இரண்டரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்பில் பல இலட்சம் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். 2020 ஏப்ரல் 1ஆம் நாள் அங்கே முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் வாழும் வீடுகளில் தனித்திருத்தல் எப்படி? பெரும்பாலோர் பொதுக் கழிப்பிடங்களையே நம்பியிருக்கும் இடத்தில் விலகியிருத்தல் எப்படி? நோய் காட்டுத்தீயாய்ப் பரவும் என்றே பலரும் அஞ்சினர்.

மாநகராட்சி ஊழியர்கள் நோயாளிகள் தேடி வரும்வரை காத்திராமல், தாமே வீடு வீடாகச் சென்று காய்ச்சல் உண்டா என்று பார்த்தனர். அப்பகுதியிலேயே நெடுங்காலம் மருத்துவம் செய்துவந்த தனியார் மருத்துவர்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டனர். பள்ளிகளும் மண்டபங்களும் தனிமைப்படுத்தும் இல்லங்களாயின. அன்று தடுப்பூசி இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. கதவைத் தட்டி நிற்கும் ஊழியரிடம் உள்ளிருப்பவர் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் தம்மை எங்கோ கொண்டுபோய் அடைத்துவிடுவார்களோ, அன்றாடக் கூலி போய்விடுமோ என்ற அச்சம் அவர்க்கு இருக்கும். தமிழும் மராத்தியும் இந்தியும் உருதும் வழங்கும் சந்துகளில் அந்த அச்சத்தைப் பொறுமையோடு கேட்டு, புரியும் சொற்களில் விடை கூறுதல் மருத்துவத்தின் ஒரு பகுதியே ஆயிற்று. பலர் சொந்த ஊர் திரும்பியதும் நோய் தணிய ஒரு காரணமாகலாம். எனினும் 2020 ஜூலை 10ஆம் நாள் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர், கடுமையான பரவலையும் அடக்கலாம் என்பதற்குத் தாராவியையும் ஒரு சான்றாகக் குறிப்பிட்டார். மென்திறன் என்பது மேல்தட்டு நிறுவனங்களின் குளிர்சாதன அறையில் கற்கும் நாகரிகம் என்று எண்ணுவோர் அந்தச் சந்துகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதே தாராவியிலிருந்து விடியுமுன் மிதிவண்டியில் இட்லிப் பாத்திரம் ஏற்றிப் புறப்படும் நம் உடன்பிறப்புகளையும் நாம் அறிவோம். அவர்கள் ஒரு தெருவில் மராத்தியில் விலை சொல்வர். அடுத்த தெருவில் குஜராத்தியில் நலம் விசாரிப்பர். மூன்றாம் தெருவில் இந்தியில் சில்லறை எண்ணுவர். முகம் பார்த்துப் பேசுவதும், சினந்தவர்க்குச் சினவாது விடையளிப்பதும், கடன் கேட்பவர்க்கு மனம் நோகாமல் மறுப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. பட்டம் பெற்று அலுவலகத்தில் அமர்ந்திருக்கும் நம்மில் எத்தனை பேர்க்கு இது வாய்த்திருக்கிறது?

இவ்விடத்தில், கசப்பானதாயினும் ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. 1966 ஜூன் 19ஆம் நாள் சிவசேனை தொடங்கப்பெற்றது. எழுத்தர் வேலைகளைத் தென்னிந்தியர் பற்றிக்கொண்டனர் என்பது அதன் தொடக்க ஆண்டுகளின் முதன்மையான முறையீடு. தென்னிந்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயும் தாழ்ந்த குரலில் பேசிய நாட்களை மாட்டுங்காவின் முதியோர் இன்றும் நினைவுகூர்வர். குற்றமற்றவரை அச்சுறுத்தியதற்கு நியாயம் கற்பிப்பது நம் கருத்தன்று. வேலை இல்லாத் திண்டாட்டமும் அரசியலும் அதன் காரணங்களில் பெரும்பகுதி என்பதையும் அறிவோம். ஆயினும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்று எஞ்சுகிறது. முப்பது ஆண்டுகள் ஒரே அறையில் வேலை செய்தபின்னும் பக்கத்து நாற்காலிக்காரரின் மொழியில் பத்து வாக்கியம் பேசத் தெரியாதவர் நம்மில் எத்தனை பேர் இருந்தனர்? நம் விரல்கள் தவறு செய்யவில்லை, கணக்குகளும் தவறவில்லை. ஆனால் சோற்றுப் பொட்டலத்தைத் தனியே பிரித்து உண்டு, நமக்குள்ளேயே தமிழில் சிரித்துக்கொண்டபோது, அந்தச் சிரிப்பு தம்மைப் பற்றியதோ என்று அருகிலிருந்தவர் எண்ணியிருக்கக்கூடும். அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு நம்மிடம் சொற்கள் இல்லாமற் போயின.

டெல்லியிலும் கொல்கத்தாவிலும் ஆமதாபாதிலும் வாழும் நம்மவர்க்கும் இது பொருந்தும். பிறமொழி கற்பது அத்துணை அரிதன்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1855 வரை தஞ்சையை மராட்டிய மரபினர் ஆண்டனர். மராத்திக்கும் தமிழுக்கும் பழைய உறவு உண்டு. கச்சேரி என்றால் நமக்குப் பாட்டு. மராத்தியில் 'கசேரி' என்றால் அலுவலகம். தாலுகா கச்சேரி என்று நாமும் சொன்னவர்தாம். ராஜிநாமா என்றால் தமிழிலும் மராத்தியிலும் பதவி விலகல். இந்தியிலோ சமரச உடன்படிக்கை. நம்மைப் பிழையில் வீழ்த்திய சிக்ஷா என்ற சொல்கூட, நம் பாட்டிமார் வழக்கில் சிட்சை என்று தண்டனைப் பொருளில் வழங்கியதே. கேட்டிருந்தால் நம் பாட்டியும் திருத்தியிருப்பார்!

இத்திறன்களை எவ்வாறு வளர்ப்பது? நாம் கைக்கொண்டு பயன் கண்ட சில பழக்கங்களைக் கூறுவோம்.

முதலாவது, மேலதிகாரி ஒரு வேலையைச் சொன்னால், அவ்விடத்தை விட்டு அகலுமுன் அதை நம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லுதல். "வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு படிகள், ஒன்று மராத்தியில், அப்படித்தானே?" என்றால் போதும். பாதிக் குழப்பங்கள் வாயிலிலேயே நின்றுவிடும். இதில் நம்மவர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஆம் என்பதற்கு நாம் தலையைப் பக்கவாட்டில் அசைப்பதைப் பிற மாநிலத்தார் சிலர் மறுப்பு என்று கொள்வர். எனவே தலையசைப்போடு வாய்ச்சொல்லும் வேண்டும். "பார்க்கலாம்" என்று சொல்லி மறுப்பை மறைப்பதும் இத்தகையதே. முடியாததை முடியாது என்று இன்சொல்லால், காரணத்தோடு, அன்றே சொல்லிவிடுதல் இருவர்க்கும் நன்று.

இரண்டாவது, வாரத்துக்குப் பத்துச் சொற்களாக அண்டையார் மொழியைக் கற்றல். மும்பையில் இருப்போர் "சமஜல நாஹி, பரத் சாங்கா" என்ற தொடரை முதலில் கற்கலாம். புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்பது அதன் பொருள். இந்தத் தொடர் நமக்கு ஈட்டித் தந்த நட்புகளை எந்தப் பட்டமும் தரவில்லை.

மூன்றாவது, தவறு நேர்ந்தால் "தவறு நடந்துவிட்டது" என்று எழுவாயை மறைக்காமல், "நான் தவறு செய்துவிட்டேன், இவ்வாறு திருத்துகிறேன்" என்று சொல்லுதல். இது முதன்முறை தொண்டையை அடைக்கும். இரண்டாம் முறை எளிதாகும். மேலதிகாரி இவ்வாறு சொல்லக் கேட்ட ஊழியர் தம் தவறையும் மறைக்க மாட்டார்.

நான்காவது, சினத்தில் எழுதிய கடிதத்தை ஓர் இரவு மேசையில் உறங்கவிடுதல். மறுநாள் காலையில் அதைப் பாதியாகச் சுருக்கவே தோன்றும்.

ஐந்தாவது, கூட்டத்தில் பேசிப் பழகுதல். வீட்டுவசதிச் சங்கக் கூட்டமோ, பள்ளிப் பெற்றோர் கூட்டமோ, தமிழ்ச் சங்க விழாவோ எதுவாயினும், மூன்று நிமிடம் எழுந்து நின்று பேச ஒப்புக்கொள்ளுங்கள். அவை அஞ்சாமை நூலைப் படித்து வருவதன்று. அவையில் நின்றே வருவது. பேசுவதோடு, கூட்டத்தில் ஒரு சொல்லும் பேசாது அமர்ந்திருக்கும் இளையவரை நோக்கி "தங்கள் கருத்து யாது?" என்று வினவுதலும் இப்பயிற்சியைச் சேர்ந்ததே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பழகும் திறன் என்பது முகத்துதி அன்று. அநீதியைச் சிரித்த முகத்தோடு பொறுத்துக்கொள்வதும் அன்று. பணியிடத்தில் பெண்டிருக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் சட்டம் இயற்றப்பட்டது. பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடங்களில் முறையீட்டைக் கேட்க ஒரு குழு அமைதல் அதன்படி கட்டாயம். அனுசரித்துப் போ என்று அத்தகையோரிடம் கூறுவது அறிவுரையன்று, கேளாமையே ஆகும். மென்மை சொல்லில் இருக்கட்டும். கொள்கையில் வன்மை இருக்கட்டும்.

முடிவாக ஒரு சிறு செய்தி. தமிழில் 'நாங்கள்' என்றும் 'நாம்' என்றும் இரு சொற்கள் உள. எதிரே இருப்பவரை விலக்கிச் சொல்வது ஒன்று; அவரையும் சேர்த்துக்கொண்டு சொல்வது மற்றொன்று. இந்தியில் இவ்வேறுபாடு இல்லை. 'ஹம்' என்ற ஒன்றே இரண்டுக்கும் நிற்கும். ஆனால் மராத்தியில் உண்டு. 'ஆம்ஹி' என்றால் நாங்கள். 'ஆபண்' என்றால் நாம். அண்டை மண்ணின் மொழி நம்மைப் போலவே இந்நுட்பத்தைப் பேணி வைத்திருப்பதை அறிய நமக்குப் பல ஆண்டுகள் ஆயின. அதைச் சொல்லிக் கொடுத்தவர், அன்று நாம் கேட்கத் தவறிய அந்த அடுத்த நாற்காலி எழுத்தரே.

இப்போது அவரும் நாமும் ஒன்றாகவே உண்கிறோம். கடைநிலை ஊழியராயிருந்த தாராவி நண்பர் தேர்வெழுதி எழுத்தராகிவிட்டார். நம் அச்சுப்படிகளை அவர் பார்த்தபின்பே வெளியே அனுப்புகிறோம். சென்ற வாரமும் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். இம்முறை மாலைவரை காத்திருக்கவில்லை.